கேட்கப்படாத கேள்விகள்: கோகுல்ராஜ் வழக்கும் அரசு வழக்கறிஞரின் பொறுப்பும்

சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்குத் தம் தோழியுடன் சென்றார். அங்கிருந்து கடத்தப்பட்ட அவருடைய உடல், மறுநாள் பள்ளிபாளையத்தை அடுத்த தொட்டிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் கிடந்தது. அவர் தலித் இளைஞர். தோழி கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்தவர். கொலையுண்டவரின் ஊரும், கொலை நடந்த இடமும், முதல் விசாரணை நடந்த நீதிமன்றமும் சேலம், நாமக்கல் மாவட்டங்களைச் சேர்ந்தவை. மதுரைக்கும் இந்தக் கொலைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆயினும் தீர்ப்பு மதுரையில்தான் சொல்லப்பட்டது. மேல்முறையீடும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில்தான் நடந்தது. ஒரு வழக்கு இவ்வளவு தொலைவு தெற்கே வந்த காரணத்தைத் தேடிப் போனால், அரசு வழக்கறிஞர் தம் கடமையில் தவறுவதாகப் பாதிக்கப்பட்டவர்கள் கருதும்போது யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்வியில் போய் நிற்கிறோம். இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

வழக்கின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் வழக்கைப் புலன் விசாரித்த திருச்செங்கோடு காவல் துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா 2015 செப்டம்பர் 18 அன்று உயிரிழந்தார். விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. முதல் எதிரியான (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவரான) யுவராஜ் அக்டோபரில் சரணடைந்தார். மொத்தம் 17 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. நாமக்கல் நீதிமன்றத்தில் 2018இல் சாட்சி விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, கோகுல்ராஜுடன் கடைசியாக இருந்தவரும், குற்றவியல் நடுவர் முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் கொடுத்திருந்தவருமான தோழி கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுத்தார். கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவில் தெரியும் பெண் தாம் இல்லை என்றார். வேறு சிலரும் பிறழ்ந்தார்கள். இப்படியே போனால் மகனின் வழக்கு கையைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிய தாயார், சிறப்பு அரசு வழக்கறிஞரை மாற்ற வேண்டும் என்றும் விசாரணையை வேறு மாவட்டத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2019இல் வழக்கு மதுரையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டச் சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. ப.பா.மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வழக்கை நடத்தினார்.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது, சாட்சி பிறழும் அந்த நேரத்தில் அரசு வழக்கறிஞர் என்ன செய்ய வேண்டும் என்பதை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சாட்சி பிறழ்ந்தால் வழக்கு செத்துவிட்டதாகத் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசுத் தரப்பு அழைத்த சாட்சி தரப்புக்கு எதிராகப் பேசினால், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றத்தின் அனுமதியை அரசு வழக்கறிஞர் கேட்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவு அதற்குத்தான் இருந்தது, இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்திலும் அதே அதிகாரம் தொடர்கிறது. அனுமதி கிடைத்த பிறகு, முன்பு கொடுத்த வாக்குமூலத்தை வரிவரியாகச் சாட்சியின் முன் வைத்து, இதைச் சொன்னீர்களா, இந்தக் கையெழுத்து உங்களுடையதா, நடுவர் உங்களைத் தனியே இருத்தி யோசிக்க நேரம் கொடுத்தாரா, அதற்குப் பிறகு யாரெல்லாம் உங்களைச் சந்தித்தார்கள், இன்று யாருடைய வண்டியில் நீதிமன்றத்துக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். வாக்குமூலத்தைப் பதிவு செய்த நடுவரையும் சாட்சியாக விசாரிக்க வேண்டும். பிறழ் சாட்சியின் சாட்சியம் முழுவதையும் தள்ள வேண்டியதில்லை, நம்பத் தகுந்த பகுதியை ஏற்கலாம் என்பது நிலைபெற்ற சட்டம். ஆனால் ஏற்பதற்கு முதலில் ஏதாவது பதிவில் இருந்தாக வேண்டும்.

நம் அமர்வு நீதிமன்றங்களின் சாட்சிய நகல்களைப் படித்தவர்களுக்கு ஒரு வாக்கியம் நன்றாகத் தெரிந்திருக்கும்: ‘எதிரிகளுக்குச் சாதகமாக நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.’ பிறழ்ந்த சாட்சியிடம் அரசுத் தரப்பு கேட்ட குறுக்கு விசாரணை பெரும்பாலும் இந்த ஒரு வரியில் முடிந்திருக்கும். விதிப்படி பார்த்தால் குறுக்கு விசாரணை நடந்திருக்கிறது; சாட்சி மறுத்திருக்கிறார்; தாளில் எந்தக் குறையும் இல்லை. கேட்கப்படாமல் போன பத்துக் கேள்விகளும் எங்கும் எழுதப்படுவதில்லை. அரசு வழக்கறிஞரின் தவறு பெரும்பாலும் ஒரு செயலாக இருப்பதில்லை, செய்யாமல் விட்டதாகவே இருக்கிறது. லஞ்சம் வாங்கியவரைப் பிடிக்க வழி இருக்கிறது, ஆவணத்தைத் திருத்தியவரையும் பிடிக்கலாம். ஆனால் வாயைத் திறக்காமல் இருந்தவரைப் பிடிக்க, அவர் எங்கே திறந்திருக்க வேண்டும் என்று அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இது ஒரு மாவட்டத்து வழக்கின் சங்கதி மட்டும் அன்று. தமிழ்நாட்டின் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு ஏற்கெனவே சாட்சியம் அளித்திருந்த 76 பேர் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து மாறினார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கவோ, ஏன் மாறினார்கள் என்று கேட்கவோ அரசு வழக்கறிஞர் முயலவில்லை என்பதைக் குறிப்பிட்டே, உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. வதோதராவில் 2002 மார்ச் 1 அன்று 14 பேர் கொல்லப்பட்ட பெஸ்ட் பேக்கரி வழக்கிலும், அரசு வழக்கறிஞர் எதிரிகளின் வழக்கறிஞரைப் போல நடந்துகொண்டதாகவே 2004 ஏப்ரல் 12இல் உச்ச நீதிமன்றம் கண்டு, மகாராட்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மூன்று வழக்குகளிலும் நிவாரணம் ஒன்றேதான்: வழக்கை இடம் மாற்றுவது. நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிக் காப்பாற்றியாயிற்று. முதல் மருத்துவமனையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மதுரையில் என்ன நடந்தது என்பதற்கு வருவோம். விசாரணைக் காலத்தில் ஒருவர் இறந்து, ஒருவர் தலைமறைவாகியிருந்த நிலையில் 15 பேர் மீதான தீர்ப்பு 2022 மார்ச் 5 அன்று வந்தது. யுவராஜ் உட்பட 10 பேர் குற்றவாளிகள் என்றும், 5 பேர் விடுதலை என்றும் நீதிபதி டி.சம்பத்குமார் தீர்ப்பளித்தார், தண்டனை விவரம் மார்ச் 8 அன்று அறிவிக்கப்பட்டது. சாட்சிகள் பிறழ்ந்த அதே வழக்கு, மையச் சாட்சி இல்லாமலேயே, கேமராப் பதிவு முதலிய மற்ற சான்றுகளின் பலத்தில் நின்றது. மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் சரியாக இருக்கிறதா, பதிவு எடுக்கப்பட்ட கருவி, அதைக் கைப்பற்றிய முறை, நீதிமன்றம் வரை அது வந்த வழி ஆகியவற்றை ஒவ்வொரு சாட்சி மூலமாகவும் நிலைநாட்டுவது மிகவும் அலுப்பூட்டும் வேலை. எவரும் கைதட்டாத அந்த வேலைதான் அரசு வழக்கறிஞரின் வேலை.

மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் அடங்கிய அமர்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2022 நவம்பரில் அந்தத் தோழியை உயர் நீதிமன்றமே வரவழைத்து, கேமராப் பதிவைக் காட்டி விசாரித்தது. அவர் மீண்டும் மறுத்தபோது தானாக முன்வந்து அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். 2023 ஜூன் 2 அன்று வந்த தீர்ப்பு யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இருவருக்கு மட்டும் தண்டனை 5 ஆண்டாகக் குறைந்தது. ஐவரின் விடுதலையும் நிலைத்தது. சாட்சியிடம் இத்தனை கண்டிப்பாக விளக்கம் கேட்ட அமைப்பிடம், வழக்கு நடத்துபவரிடம் விளக்கம் கேட்க அதே அளவு எளிதான ஒரு வழி இல்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது. சாட்சி என்பவர் பெரும்பாலும் மிரட்டலுக்கும் உறவுக்கும் இடையே சிக்கிய தனி மனிதர். அரசு வழக்கறிஞர் அரசின் பணத்தில், அரசின் பெயரில் நிற்பவர்.

நாமக்கல்லில் வழக்கை நடத்தியவர் மீது தாயார் வைத்தது புகார்தான். அதை நிரூபிக்கப்பட்ட குற்றமாக இங்கே எழுதுவது நியாயம் ஆகாது. ஒரு வழக்கறிஞரை மாற்றுவதும் அவர் தவறு செய்தார் என்று தீர்மானிப்பதும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை. மாற்றம் வழக்கைக் காப்பாற்றுகிறது. புகார் உண்மை என்றால் தவறு செய்தவர் பதில் சொல்லாமல் தப்புகிறார். புகார் பொய் என்றால் நேர்மையாகப் பணியாற்றியவர் தம் பெயரைத் துடைத்துக்கொள்ள வழியில்லாமல் போகிறார். விசாரணை தேவைப்படுவது இரண்டு பக்கத்துக்காகவும்தான்.

விசாரிக்க விதி இல்லையா என்றால், இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 4ஆம் விதியை எடுத்துப் படித்தால், ஆட்சியரும் வழக்குத் தொடர்வுப் பொறுப்பில் உள்ள அதிகாரியும் ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று கண்டிருக்கிறது. தக்க விசாரணைக்குப் பிறகு, ஒருவர் தம் திறமைக்கு ஏற்ப உரிய அக்கறையோடு வழக்கை நடத்தவில்லை என்று தெரிந்தால், காரணத்தை எழுதிவைத்து அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து அரசு நீக்கலாம். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை ஆட்சியர் அமர்த்தவும் அதே விதி இடம் கொடுக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு நடவடிக்கையைப் பற்றியும் முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது; பிணை, விடுவிப்பு, தண்டனை ஆகிய நிலைகளில் அவரையும் கேட்க வேண்டும் என்கிறது. அறிவிப்புத் தருவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் தெளிவாக்கியது.

இந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ள வழக்குகளுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் 2014 ஜனவரி 7 அன்று, ஆறு வயதுச் சிறுமியின் கொலையில் எதிரி விடுதலையாவதைத் தடுக்க முடியாத நிலைக்கு வந்த உச்ச நீதிமன்றம், விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் காவல்துறை மற்றும் வழக்குத் தொடர்வுத் துறையின் மூத்த அதிகாரிகள் அடங்கிய நிலைக்குழு ஆராய வேண்டும், புலன் விசாரித்தவரோ வழக்கு நடத்தியவரோ தவறியிருந்தால் அது அறியாமல் நேர்ந்ததா, குற்றமானதா என்று பதிவு செய்ய வேண்டும், பின்னதாக இருந்தால் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எல்லா மாநில உள்துறைகளுக்கும் ஆணையிட்டது. துறை நடவடிக்கை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவர் நீதிமன்றங்களில் பணியாற்றும் உதவி அரசு வழக்கறிஞர்கள் தேர்வாணையத்தின் மூலம் வந்த அரசு ஊழியர்கள். அவர்கள் மீது துறை நடவடிக்கை எடுக்க முடியும். கொலை வழக்கு நடக்கும் அமர்வு நீதிமன்றத்தில் நிற்கும் அரசு வழக்கறிஞர் அப்படியல்லர். அமர்வு நீதிபதியைக் கலந்து ஆட்சியர் தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு நியமிக்கும் வழக்கறிஞர் அவர். ஆட்சி மாறினால் அவரும் மாறுவார் என்பது மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். நியமனம் தகுதியின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிரிஜேஷ்வர் சிங் சஹல் வழக்கில் 2016இல் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், பொறுப்புக் கேட்கும் வேலை தவறு நடந்த பிறகு தொடங்குவதில்லை, பட்டியல் தயாராகும் நாளிலேயே தொடங்குகிறது என்பது புரியும்.

வழக்கறிஞர் என்ற முறையில் அவர் பார் கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டவர். வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவின் கீழ் யாரும் புகார் கொடுக்கலாம். நிரபராதி தண்டிக்கப்படும் வகையில் அரசுத் தரப்பை நடத்தக் கூடாது, எதிரியின் நிரபராதித்தன்மையை நிறுவக்கூடிய ஆதாரத்தை மறைக்கவே கூடாது என்று பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. இந்த மறுபக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது. அரசு வழக்கறிஞரின் வேலை எப்படியாவது தண்டனை வாங்குவது அன்று என்று 1999இல் சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல்துறை கொடுத்த ஆவணக் கட்டுக்குள் எதிரிக்குச் சாதகமான ஒரு தாள் இருந்தால் அதையும் அவர் வெளியே எடுத்து வைக்க வேண்டும். வழக்கில் சான்றாவணமாகக் குறியிடப்படாத ஆவணங்களைப் பார்க்கும் உரிமை எதிரிக்கு உண்டு என்று 2012இல் வி.கே.சசிகலா வழக்கில் தீர்ப்பானது. கோகுல்ராஜின் தாயார் கேட்ட நேர்மையும், பொய் வழக்கில் சிக்கிய ஓர் ஏழையின் மனைவி கேட்கும் நேர்மையும் வேறு வேறு அல்ல.

நீதிமன்றம் நேரடியாகத் தலையிட்ட ஓர் உதாரணமும் உண்டு. டெல்லியில் 1999இல் ஆறு பேர் உயிரிழந்த பி.எம்.டபிள்யூ. கார் வழக்கில், சிறப்பு அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஒரு சாட்சியின் விஷயத்தில் கைகோத்ததாக 2007இல் தொலைக்காட்சி ஒளிபரப்பிய மறைமுகப் பதிவு வெளிச்சம் போட்டுக் காட்டியது. டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையுமே அவமதிப்புக் குற்றவாளிகள் என்றது. 2009 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம், அரசு வழக்கறிஞரின் மீதான அவமதிப்புத் தீர்ப்பை நீக்கியது. ஆனாலும் அவருடைய நடத்தை தொழிலுக்குத் தகாதது என்று கண்டித்தது. கேமரா இல்லாதிருந்தால் இந்தக் கண்டனமும் இருந்திருக்காது.

மதுரைக்கு நன்கு தெரிந்த இன்னொரு வழக்கையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2007 மே 9 அன்று தினகரன் நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். வழக்கை சி.பி.ஐ. நடத்தியது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். 2009 டிசம்பர் 9 அன்று 17 பேரும் விடுதலையானார்கள். இறந்தவர்களில் ஒருவரின் தாயாரும் உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2019 மார்ச் 21 அன்று, மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு விடுதலையை ரத்து செய்து, 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. விசாரணை நீதிமன்றத்தில் ஒன்றுமில்லை என்று போன அதே சான்றுகள் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தண்டனைக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன. விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை அந்தத் தீர்ப்பு வந்த மூன்று வாரங்களுக்குப் பிறகு, 2009 டிசம்பர் 31 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதைச் சேர்த்துப் படித்தால், அதற்கு முன்பு எத்தனை தாய்மார்கள் அரசு மேல்முறையீடு செய்யுமா என்று காத்திருந்து ஓய்ந்திருப்பார்கள் என்று நினைக்க நெஞ்சு கனக்கிறது. அந்த உரிமைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, மாவட்ட அளவிலும் வழக்குத் தொடர்வு இயக்ககம் அமைக்க வழி செய்கிறது; பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் அரசுத் தரப்புக்கு உதவியாகப் பாதிக்கப்பட்டவர் அமர்த்தும் வழக்கறிஞர் தாமாகவே சாட்சியை விசாரிக்க முடியாது, அரசு வழக்கறிஞரின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டே செயல்பட வேண்டும் என்பது 2019இல் ரேகா முரார்கா வழக்கில் சொல்லப்பட்ட நிலை. பக்கத்தில் அமர்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கலாம். சீட்டிலிருக்கும் கேள்வியைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. அந்தச் சீட்டையே எழுத்து மூலமான மனுவாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டால், கேட்கப்படாத கேள்வி முதன்முறையாகப் பதிவில் ஏறுகிறது. பின்னாளில் ஆட்சியரின் அரையாண்டு ஆய்வுக்கும், நிலைக்குழுவுக்கும், பார் கவுன்சிலுக்கும், மேல்முறையீட்டு அமர்வுக்கும் பிடித்துக்கொள்ள ஒரு தாள் கிடைக்கிறது.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து இப்படிப்பட்ட வழக்குகளைச் சுமந்துகொண்டு வரும் குடும்பங்களுக்கு நான் சொல்வது, காலத்தைத் தவறவிடாதீர்கள் என்பதே. சாட்சியம் பதிவான அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். முக்கியச் சாட்சி பிறழ்ந்து, குறுக்கு விசாரணை ஒரே வரியில் முடிந்திருந்தால், அடுத்த வாய்தாவுக்கு முன்பே ஆட்சியருக்கும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநருக்கும் தேதி, சாட்சி எண், விடுபட்ட கேள்விகள் ஆகியவற்றோடு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ‘சரியாக நடத்தவில்லை’ என்று பொதுவாக எழுதிய மனுவைத் தள்ளுவது எளிது. அரசு சாட்சி எண் இன்னது, 164 வாக்குமூலத்தின் இன்ன பகுதி அவர் முன் வைக்கப்படவில்லை என்று எழுதியதைத் தள்ள ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும். புலன் விசாரணை அதிகாரியின் சாட்சியமும் முடிந்து, எதிரிகளிடம் கேள்வி கேட்கும் நிலையும் தாண்டிவிட்டால், சாட்சியை மீண்டும் அழைக்கக் கோரும் மனு ஒன்றுதான் மிஞ்சும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 311, புதிய சட்டத்தில் 348 என்ற எண்ணுள்ள அந்த மனுவை ஏற்பதா என்பது நீதிபதியின் விருப்புரிமை. அதற்குள் சாட்சியும் ஊரை விட்டுப் போயிருக்கலாம்.